முகத்துவாரத்தில் அரை அடி

எங்கள் வீட்டுக் கணினி நேற்றுக் காலையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. இணையம் பார்ப்பதற்கான ஒரே ஒரு மென்பொருளை மூல நிரலிலிருந்து கட்டுகிறது. இன்னும் அரை நாளாவது ஆகும். போன மாதம், ஓய்வு பெற்றவர்கள் கூடிய விருந்தில், எல்லாவற்றையும் இப்படித்தான் கட்டுகிறேன் என்று சொன்னபோது, என் பழைய அலுவலகத்தில் எனக்குப் பிறகு வந்த பிரபு சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"மேடம், ரெடியா கிடைக்கிறதை இறக்கினா ரெண்டு நிமிஷம். உங்களுக்கு ஏன் இந்தத் தலைவேதனை?"

இருபது வருடத் தலைவேதனை அது. எதையும் ஆயத்தமாகத் தராமல், எல்லாவற்றையும் மூலத்திலிருந்து நாமே கட்டிக்கொள்ளச் சொல்லும் லினக்ஸ் வகை ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். இடையில் மூன்று கணினிகள் மாறின. உள்ளே இருப்பது அதே பழைய குடித்தனம்தான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றைப் புதுப்பித்தால் வேறொன்று முறுக்கிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் கட்டிவிட்டு, கடைசி வரியில் பிழை என்று நின்றுவிடும். காலையில் எழுந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். திட்டிக்கொண்டே சரி செய்வேன். பாதுகாப்புக்காகவா என்று பிரபு கேட்டார். இல்லை. மூலத்திலிருந்து கட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான்.

என் பெயர் ஜைபுன்னிசா. பழவேற்காட்டுக்காரி. மெட்ராஸில் கம்ப்யூட்டருக்கான அட்டையில் துளை போடும் வேலையில் சேர்ந்து, பிறகு நிரல் எழுதக் கற்று, எண்பதுகளின் நடுவில் சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கி வந்தேன். ஏரிக்கரையில் ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால் எங்கள் வாப்பாவே நம்பவில்லை. "இங்க இன்னா கணக்குப் போடப் போவுது அது, எறாவையா எண்ணப் போவுது?" என்று கேட்டார். பீரோ உயரத்துக்கு இரண்டு பெட்டிகள், ஒரு தட்டச்சுத் திரையகம், டேப் சுழலும் அலமாரி. உப்புக்காற்று பட்டால் துரு பிடிக்கும் என்று அறையை அடைத்து, ஏசி போட்டு வைத்திருந்தார்கள். ஊரே வெயிலில் வேகும்போது நான் மட்டும் குளிரில் நடுங்குவேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் தொங்கும். யாருடையது என்று கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அது அந்தோணியுடையது. கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்து, கணக்கு படித்து, அந்த இயந்திரத்தை முதன்முதலில் அங்கே நிறுவியவர். நான் வருவதற்கு எட்டு மாதம் முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். எனக்கு அவரைத் தெரியாது. டேப் உறைகளின் மேல் இருந்த சாய்ந்த கையெழுத்து மட்டும்தான் பழக்கம்.

அந்தக் கம்ப்யூட்டரின் தினசரி வேலை ஒன்றே ஒன்று. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்மேடு ஒன்று நீருக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் நண்பகலில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்ல ஒரு நிரல் இருந்தது. அதன் பெயர் 'முகம்'. அளவுக்கம்பங்களின் நீர்மட்டம், திதி, காற்று எல்லாவற்றையும் கொடுத்தால் ஓர் எண்ணை அச்சடிக்கும். அந்த எண்ணைப் படகுத்துறையில் உள்ள கரும்பலகையில் நான் சாக்பீஸால் எழுத வேண்டும். நான்கு அடி என்று எழுதியிருந்தால் மீன் பாரத்தோடு படகு உள்ளே திரும்பலாம். அதற்குக் குறைந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். முன்பெல்லாம் ஒருவர் கட்டுமரத்தில் முன்னே போய்க் கழியை ஊன்றி ஆழம் பார்ப்பாராம். பலகை வந்த புதிதில் சிரித்தவர்கள், முதல் வருடத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் அது ஒருநாளும் பொய் சொல்லவில்லை என்று கண்டதும் கழி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

முகத்துவாரத்துக் கம்பத்தைப் படித்து, அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு தினமும் காலை ஆறரைக்கு வருபவள் எஸ்தர். அந்தோணியின் தங்கை. அவள் புருஷன் சூசை கடலுக்குப் போகிறவர். முதல்நாள் என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லக்கா. அண்ணன் ஸ்வெட்டர். பின்னால இருந்து பாத்தா…" என்று சொல்லிவிட்டுச் சீட்டை நீட்டினாள். கழற்றிக் கொடுக்கப் போனேன். "வேணாக்கா, நீயே போட்டுக்க. குளிருது இல்ல" என்றாள்.

நிலையத்தின் தலைவர் சேஷய்யா சார். நெல்லூர்ப் பக்கத்து மனிதர். நெற்றியில் ஒரு கோடு, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். தலைமை அலுவலகம் ஆயத்தமான நிரல்களை டேப்பில் அனுப்பினால் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார். "வேக வச்ச சோறு எனக்கு வேணாம்மா. அரிசியைக் குடு, கல்லு பொறுக்கி நானே வேக வச்சிக்கிறேன்" என்பார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். நான் மூல நிரலை வரிவரியாகச் சத்தமாகப் படிக்க, அவர் தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்ட அச்சுப் பிரதியில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பில் ஒரு டிக் போடுவார். ஒரு காற்புள்ளி விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகுதான் கம்பைலர் ஓடும். கம்பைலர் என்பது நாம் எழுதுவதை இயந்திரம் தின்கிற எண்களாக மாற்றித் தருவது. முழுவதையும் கட்டி முடிக்க மூன்று நாள். மின்சாரம் போனால் நான்கு. எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அந்த மனிதர் மேல் மரியாதையும் வரும். அவர் இருக்கும்வரை அந்த இயந்திரத்துக்குள் நாங்கள் படிக்காத ஒரு எழுத்துகூட இல்லை என்று உறுதியாக நம்பினேன்.

வாடைக்காற்று தொடங்கிய ஒரு காலை. மின்சாரம் இல்லை. பலகைக்கு எண் வேண்டுமே என்று காகிதத்தில் நானே கணக்கைப் போட்டேன். ஒரு மணி நேரம் பிடித்தது. நான்கு அடி வந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மின்சாரம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று 'முகம்' நிரலை ஓட்டினேன். மூன்றரை என்று அடித்தது.

கணக்கில் நான்தான் தவறியிருப்பேன் என்று பலகையில் மூன்றரையே எழுதினேன். திரும்பி வந்து கணக்கைச் சரிபார்த்தேன். நான்குதான். சேஷய்யா சாரிடம் கொடுத்தேன். அவரும் போட்டார். நான்கு. நிரலைப் பிரித்துப் படித்தோம். அரை அடியைக் கழிக்கும் வரி எதுவும் இல்லை. புதிதாகக் கட்டி ஓட்டினோம். மூன்றரை.

பழைய பதிவேடுகளை எடுத்து நான் ஒவ்வொரு நாளாகக் கைக்கணக்குப் போட்டேன். மற்ற காற்றில் எல்லாம் எண் சரியாக இருந்தது. வாடை என்று குறித்த நாட்களில் மட்டும் அரை அடி குறைந்தது. இத்தனைக்கும் காற்றின் திசையை அந்த நிரல் குறிப்புக்காக வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர, கணக்கில் சேர்க்காது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றும் தெரியவில்லை. அதே நிரலை, ஒரு எழுத்தும் மாற்றாமல், 'சோதனை' என்று வேறு பெயரில் நகலெடுத்துக் கட்டினேன். நான்கு என்று அடித்தது. மறுபடி 'முகம்' என்று பெயர் வைத்தேன். மூன்றரை.

சேஷய்யா சார் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை செய்யும்மா."

செய்தேன். வேறு பெயர் வைத்தால் நான்கு. 'முகம்' என்று சொல்லிக் கூப்பிட்டால் மூன்றரை. நட்டப்பகல் பதினொரு மணி. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஏரி பளபளவென்று கிடக்கிறது, தூரத்தில் யாரோ வலை உதறுகிறார்கள். எனக்கு முழங்கை வரை மயிர் சிலிர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு அதைப் போடவே இல்லை.

கம்பைலர் மேல் சந்தேகம் வந்தது. அதுவும் ஒரு நிரல்தானே, அதற்கும் மூலம் உண்டே. நான்கு நாள் அதை வரிவரியாகப் படித்தோம். சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தமான மூலத்திலிருந்து புதுக் கம்பைலர் கட்டி, அதை வைத்து 'முகம்' கட்டினோம். மூன்றரை. இயந்திரம் வந்தபோது கூடவே வந்த முதல் டேப்பை அலமாரியின் அடியிலிருந்து எடுத்து, அதிலிருந்து ஆரம்பித்தோம். மூன்றரை. உறையைத் திருப்பிப் பார்த்தால், பின்புறம் அந்தச் சாய்ந்த கையெழுத்து: 'அசல் பூஞ்சை பிடித்தது. இது நகல்.'

சேஷய்யா சார் உறையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எனக்கு விளக்கினார். புதுக் கம்பைலரைக் கட்டுவதற்கும் ஒரு பழைய கம்பைலர் வேண்டும். அந்தோணி ஒரே ஒரு முறை அதன் மூலத்தில் எழுதியிருக்கிறார்: 'முகம்' வந்தால், வாடையாக இருந்தால், அரை அடி குறை. அடுத்த கம்பைலரைக் கட்டும்போது இதையே அதற்கும் சொல்லிக்கொடு. கட்டி முடித்ததும், எழுதியதை மூலத்திலிருந்து அழித்துவிட்டார். அதன் பிறகு தாய் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லி, எங்கேயும் எழுத்தில் இல்லாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மாதா மாதம் நாங்களே சத்தமாகப் படித்து, டிக் போட்டு, எங்கள் கையாலேயே அதைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"எதுக்கு சார் செஞ்சாரு?" என்றேன்.

"எதுக்குங்கறது அப்புறம்மா. மொதல்ல அதை வெளிய எடு."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவரைவிட எனக்குத்தான் அவசரம். அந்த அறையில் தனியாக உட்கார முடியவில்லை. அச்சு இயந்திரம் தட்டும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வேக வைத்த சோறு வேண்டாம் என்ற மனிதர், மேற்குக் கடற்கரையில் இருந்த இன்னொரு நிலையத்துக்கு ரயிலேறிப் போய், அந்தோணி கை படாத அவர்களுடைய கம்பைலர் டேப்பை மடியில் வைத்துக் கொண்டு வந்தார். ஊரான் வீட்டுக் கம்பைலரை வைத்துத்தான் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மூன்று நாள் கட்டினோம். நடுநாள் காலையில் எஸ்தர் சீட்டைக் கொடுத்துவிட்டு, போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மெசினை மாத்துறீங்களாமே. எங்கண்ணன் போட்டது எதுவும் இருந்தா எடுத்துடாதக்கா."

"இன்னா போட்டிருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? அது படிச்சது. எங்க நைனா வாடையில முகத்துவாரத்துல கவுந்துதானே செத்துச்சு. அன்னிக்கும் பலகையில நாலுன்னுதான் போட்டிருந்தாங்க. பலகை வந்த மொத வருசம் அது. அப்புறம் அண்ணன் சொல்லிச்சு, இனிமே வாடையிலயும் பலகையை நம்புங்க, நான் உள்ள இருந்து பாத்துக்கறேன்னு."

அவளிடம் நான் சொன்ன பதிலை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. "செத்தவங்க எப்படிம்மா பாத்துக்குவாங்க?" என்றேன். அதையும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அரை அடி ஏன் என்று அவள் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கேட்டது, மூல நிரலில் இல்லாத ஒன்று இயந்திரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

மூன்றாம் நாள் மாலை 'முகம்' நான்கு என்று அடித்தது. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் நான்கு. சேஷய்யா சார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "இப்பதான் இது நம்ம மெசின்" என்றார்.

அடுத்த வாரம் வாடை மறுபடி வந்தது. காலையில் ஏரிமேல் பனி, எதிர்க்கரை தெரியவில்லை. எஸ்தரின் சீட்டில் இருந்த அளவுகளைக் கொடுத்தேன். நான்கு. காகிதத்திலும் போட்டுப் பார்த்தேன். நான்கு. துறைக்குப் போய்ப் பலகையைத் துடைத்து எழுதினேன். சாக்பீஸ் ஈரத்தில் வழுக்கியது, இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. சூசை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார்.

"இன்னா மேடம், வாடையில நாலா? அதிசயமா கீதே. நாலுன்னா நாலா, இல்ல மூணே முக்காலா?"

"நாலுன்னா நாலுதான். நானே கணக்குப் போட்டேன்."

"மேடமே போட்டாச்சுன்னா அப்பீல் ஏது" என்று சிரித்துவிட்டுப் படகைத் தள்ளினார். கூட இரண்டு பேர். எங்கள் பலகையைப் பார்த்து அன்றைக்குப் பதினோரு படகுகள் போயின. பத்து படகுகள் சும்மா திரும்பின, மீன் கிடைக்கவில்லை என்று. சூசை படகுக்கு மட்டும் நல்ல பாடு, படகு நிறைய மீன்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் பனி விலகி நல்ல வெயில். பாரத்தோடு உள்ளே வந்த படகின் அடி மணலில் தட்டியிருக்கிறது. நின்ற படகைப் பின்னால் வந்த அலை குறுக்கே திருப்பிப் போட்டது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். சூசையை மூன்றாம் நாள் வடக்குக் கரையில்தான் எடுத்தார்கள்.

படகு கவிழ்ந்த அன்று சாயங்காலமே சேஷய்யா சார் ஒரு படகை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, கழியோடு முகத்துவாரத்துக்குப் போனார். நானும் போனேன். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழு இடத்தில் கழியை ஊன்றினார். ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தால், நண்பகலில் அங்கே இருந்தது மூன்றரை அடி. வாடை அடித்தால் மணல் மேட்டின்மேல் அரை அடி மணல் கூடுதலாக வந்து படிகிறது. மெட்ராஸில் உட்கார்ந்து சூத்திரம் எழுதியவர்களுக்கு அது தெரியாது. கோட்டைக்குப்பத்துப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அவர் பழைய கோப்புகளைக் கிளறினார். அந்தோணியின் மூன்று கடிதங்கள் கிடைத்தன. வாடை நாட்களில் அரை அடி கழிக்க வேண்டும், என் தகப்பனார் இதனால் இறந்தார், நிரலை மாற்ற அனுமதி வேண்டும். மூன்றுக்கும் தலைமை அலுவலகத்தின் ஒரே பதில்: ஒப்புக்கொண்ட சூத்திரத்தை மாற்ற நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பதிலின் கீழே, 'பார்த்தேன், கோப்பில் வை' என்று சிவப்புப் பென்சிலில் எழுதி ஒரு சுருக்கொப்பம். மூன்றிலும் இருந்தது அது.

சேஷய்யா சார் அந்தச் சுருக்கொப்பத்தை விரலால் தடவினார். "ஒவ்வொரு காற்புள்ளியும் படிச்சேன் ஜைபுன். இதைப் படிக்கல" என்றார். அந்த மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பலகையில் எழுதியது என் கை.

அன்றே 'முகம்' நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வாடையானால் அரை அடி கழி. அதன் மேலே, படிப்பவர்களுக்கான குறிப்பாக, 'இத்திருத்தம் அந்தோணியுடையது. அவர் சொன்னபோது நாங்கள் கேட்கவில்லை' என்று எழுதவைத்து, தன் பெயரையும் போட்டுக்கொண்டார். அனுமதியில்லாமல் மாற்றியதற்கு விளக்கம் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் அவரை எங்கோ மலைப்பக்கம் மாற்றினார்கள். போகும்போது சிவப்புப் பென்சிலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை.

எஸ்தர் நாற்பது நாள் கழித்துத் திரும்ப வேலைக்கு வந்தாள். அதே ஆறரை மணி, அதே துண்டுச்சீட்டு. நான் எழுந்து நின்றேன். ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரைத்தான் அவள் பார்த்தாள்.

"அக்கா, அண்ணனைத் திரும்ப உள்ள போட்டுட்டீங்களாமே?"

"ஆமாம்மா. இப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி, பேரோட எழுதி வச்சிருக்கோம்."

"அப்ப பேரு இல்லாமத்தானே இருந்துச்சு. இருந்த வரைக்கும் யாரையும் சாவ உடல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அப்புறம் ஸ்வெட்டரை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிரபுவுக்கு விருந்தில் இத்தனையும் சொல்ல முடியுமா? ஏதோ பழக்கம் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒவ்வொரு முறை கம்பைலர் புதிதாகக் கட்டி முடிந்ததும் நான் முதலில் செய்வது ஒரே ஒரு காரியம். பழைய 'முகம்' நிரலை, அந்தத் திருத்தம் இல்லாத பழைய வரிகளோடு, நினைவிலிருந்து தட்டுவேன். சூசை போன அந்தக் காலையின் அளவுகளைக் கொடுப்பேன். காற்று வாடை. நிரலுக்குப் பெயர் 'முகம்'.

இருபது வருடமாக நான்கு என்றே வருகிறது. கணக்குப்படி அதுதான் சரி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூன்றரை என்று வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஆரம்பித்தது சாயங்காலம் முடியும். அடுத்து கம்பைலர்தான்.